சுத்த சைவப் பவழம்

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தும்போது எனக்குக் கோபம் வராத நாள் கிடையாது. அன்று வந்தது வேறு ரகம். ‘பவளங்கள் எந்த உலகத்தைச் சேர்ந்தவை? அவற்றின் தொகுதி எது?’ என்று கேட்டிருந்தேன். விலங்குலகம், குழியுடலிகள் என்று இரண்டு சொல் எழுதினால் முழு மதிப்பெண். ஒரு மாணவி முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: ‘தாவர உலகம். கொடி வகை. கடலில் விளையும். சுத்த சைவம்.’

சுத்த சைவத்தின் கீழே இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் பூஜ்யம் போட்டேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. தாளை வாங்கியதும் அவள் எழுந்து நின்றாள்.

“மிஸ், இதுக்கு ஏன் மிஸ் மார்க் போடல?”

“பவளம் செடின்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?”

“புத்தகத்துல இல்ல மிஸ். உங்க அப்பா கடை போர்டுல போட்டிருக்கு.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மலைக்கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது படித்ததை நினைவில் வைத்து, நம்பி எழுதியிருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்ட வேண்டிய ஆள் வேறு இடத்தில் இருந்தார்.

திருத்தணியில் மலைப்படி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. விபூதி, குங்குமம், காவடியில் கட்டும் மணி, மயிலிறகு, ருத்திராட்சம், முருகன் படம் போட்ட சாவிக்கொத்து எல்லாம் உண்டு. ஆனால் நைனாவுக்கு, அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், பெருமை பவழத்தில்தான். (பாடப்புத்தகத்தில் அது பவளம், கடையில் பவழம்; இரண்டும் ஒன்றுதான்.) முருகனுக்கு உகந்த நாள் செவ்வாய், செவ்வாய்க் கிரகத்துக்கு உரிய கல் பவழம். ஜோசியர் செவ்வாய் தோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பெண்ணைப் பெற்றவர்கள் மலை ஏறிக் கும்பிட்டுவிட்டு, இறங்கும்போது ஒரு மாலையோ மோதிரமோ வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். பாதிப் பேர் ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் பகடம் என்பார்கள். நைனாவும் அந்த நொடியே தெலுங்குக்கு மாறிவிடுவார்.

போர்டு வந்த கதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். விரதத்தில் இருந்த ஒருவர், “இது கடல் ஜந்துவாங்க? மாலை போட்டிருக்கும்போது தொடலாமா?” என்று கேட்டாராம். “பவழக்கொடின்னு சொல்றோமே, கொடின்னா செடிதானங்க” என்று நைனா பதில் சொல்ல, அந்தப் பதில் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பெயிண்டரைக் கூப்பிட்டு, ‘சுத்த சைவப் பவழம் இங்கு கிடைக்கும்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி மாட்டிவிட்டார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. பிறகு எலெக்ட்ரிக் ட்ரெயினில் சென்னைக்குப் போய் விலங்கியல் படித்தேன், முதுகலையும் முடித்தேன், டீச்சரும் ஆனேன். அந்தப் போர்டுக்குக் கீழே நின்று எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன். ஒரு நாளும் அதை நிமிர்ந்து படித்ததில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். நைனா பொய் சொல்லி விற்கிறவர் இல்லை. சந்தனக் கட்டை என்று ஆசையாகக் கையில் எடுப்பவரிடம், “வாசனை தெளிச்ச கட்டைங்க அது, சந்தனம் இல்ல” என்று சொல்லி வருகிற வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்வார். பக்கத்துக் கடைக்காரர்கள் அதற்காக அவரைக் கிண்டல் செய்வார்கள். “உன் கடையில ஏமாத்து கிடையாதுப்பா” என்று யாராவது சொன்னால் அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு பொட்டலம் மிக்சர் இருக்கும்.

இதெல்லாம் தெரிந்தும் அன்று நான் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன். எனக்குள் புகைந்துகொண்டிருந்தது. கடையில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். ஒரு அம்மாள் தன் மகள் கழுத்தில் பவழ மாலையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா அவர்களுக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

“நைனா, மொதல்ல அந்த போர்டைக் கழட்டு. பசங்க என்னப் பாத்து சிரிச்சிகினு கீதுங்க. பவழம் செடியும் இல்ல, கொடியும் இல்ல. அது பூச்சி!”

“பூச்சியா?” என்றார் அந்த அம்மாள். மகள் கழுத்திலிருந்த மாலையை வெடுக்கென்று எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் போட்டார். “அய்யய்யோ, நாங்க விரதம்ங்க! கோயிலுக்கு வந்த எடத்துல இன்னாத்தப் போட்டு வுடுறீங்க?” என்று புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் மோதிரம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் மோதிரத்தைத் தட்டில் வைத்துவிட்டார்கள். “தெரிஞ்சே வித்துகினு கீறாரு போல” என்று அதில் ஒருவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

நைனா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. செய்யாத திருட்டுக்குப் பிடிபட்டவரைப் போலப் பார்த்தார். “நீ வூட்டுக்குப் போ” என்றார். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் போர்டு இல்லை. அவரே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிவிட்டார் என்று அம்மா சொன்னாள். நான் கேட்டது நடந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், முடியவில்லை. வீட்டில் அவர் என்னோடு பேச வேண்டியதையெல்லாம் அம்மா வழியாகத்தான் பேசினார். “டீச்சரம்மாவுக்கு இன்னும் ரெண்டு இட்லி வேணுமான்னு கேளு.” நான் எதிரிலேயேதான் உட்கார்ந்திருப்பேன். அம்மா இட்லியை வைத்துவிட்டு, “வூட்டுல வந்து சொல்லக்கூடாதா? நாலு பேரு நடுவுலயா சொல்லுவ?” என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு அது தேவைதான்.

அந்த நாட்களில் என்னை இன்னொன்றும் குடைந்தது. பூச்சி என்று ஏன் சொன்னேன்? நைனாவுக்கு விலங்கியல் தெரியாது, அவர் கொடி என்ற சொல்லை நம்பினார். எனக்கு என்ன கேடு? பூச்சி என்றால் ஆறு கால், கணுக்கணுவான உடம்பு, தலையில் உணர்கொம்பு. பவளத்துக்குக் காலும் இல்லை, தலையும் இல்லை. பாம்பையே பூச்சி என்று சொல்கிற ஊர் நம்முடையது. அந்தப் பழக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே பதிலை ஒரு மாணவி எழுதியிருந்தால் நான் பூஜ்யம்தான் போட்டிருப்பேன். அவர் விலங்கைச் செடியில் சேர்த்தார் என்று கத்தப் போன நான், அதைப் பூச்சியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

வகுப்பில் அதை ஒப்புக்கொண்டு மறுபடி முதலிலிருந்து நடத்தினேன். நான் நேரில் பார்த்ததையே சொன்னேன். கல்லூரியில் படிக்கும்போது மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்துக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் முகமூடி போட்டுக் குனிந்து பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் பாறை. கிட்டப் போனால் புதர். மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்தபோதுதான் அது முழுக்க வாய் என்று தெரிந்தது. பொடிப்பொடியாய் ஆயிரக்கணக்கான வாய். ஒவ்வொரு வாயைச் சுற்றியும் மயிரிழை போன்ற கைகள். என் நிழல் விழுந்ததும் அத்தனையும் சட்டென்று உள்ளே போய்விட்டன. அந்த ஒவ்வொன்றும் ஒரு விலங்கு. உடம்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பை, அவ்வளவுதான். தின்பதும் கழிப்பதும் ஒரே வழியில். உடம்பே ஒரு குழி, அதனால்தான் குழியுடலி. அது தன் உடம்பிலிருந்தே சுண்ணாம்பைச் சுரந்து கெட்டியாக்கி அதன்மேல் குடியிருக்கிறது. பக்கத்தில் ஒன்று முளைக்கும், அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்படியே கிளை கிளையாகப் படர்ந்துவிடும். நாம் கழுத்தில் போடுவது அவை குடியிருந்த சுண்ணாம்பை. இதை நான் கரும்பலகையில் வரைந்தபோது, பூஜ்யம் வாங்கிய மாணவி, “அப்ப அது கல்லும்தான், விலங்கும்தான் மிஸ்” என்றாள். சரிதான் என்றேன்.

யோசித்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் அதை ஒவ்வொரு இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஜோசியருக்கு அது ஒரு கிரகம். நகைக்கடைக்காரருக்குக் கல். பெயர் வைத்த நம் ஆட்களுக்குக் கொடி. விரதக்காரருக்கு அது சைவமா அசைவமா என்பது மட்டும்தான் கேள்வி. நைனா கடையில் சாமான்களை நிறம் பார்த்து அடுக்குவார். குங்குமம், சிவப்புக் கயிறு, பவழம் மூன்றும் ஒரே தட்டு. விலங்கியல் கேட்பது வேறு கேள்வி: உனக்கு யார் சொந்தம், உன் உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? அந்தக் கேள்விக்குப் பவளம் ஜெல்லி மீனுக்குச் சொந்தம், கடல் சாமந்திக்கு இன்னும் நெருங்கிய சொந்தம். இந்தச் சாமந்தியும் பூவில்லை, விலங்குதான். பேர் வைத்தவர்கள் அங்கேயும் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்.

“ஏதாச்சும் நல்லதா சொல்லி அவர சமாதானம் பண்ணேன்டி” என்றாள் அம்மா ஒரு நாள். என்னிடம் ஒன்று இருந்தது. மண்டபத்தில் நான் பார்த்த மாதிரிப் பவளங்களின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு சமைத்து, வீட்டுக்காரனுக்கும் கொடுக்கிறது. ‘நைனா, நீ சொன்னதும் பாதி சரிதான், உள்ளே பச்சை இருக்கு’ என்று சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும். ஆனால் கடையில் விற்கிற சிவப்புப் பவழம் அந்த ரகமில்லை. அது எங்கோ இத்தாலிப் பக்கத்துக் கடலில், வெயில் அதிகம் எட்டாத இடத்தில் வளர்வது. அதற்குள் பாசி கிடையாது. சந்தன வாசனை தெளித்த கட்டையைச் சந்தனம் என்று நைனாவிடமே விற்க எனக்கு மனசு வரவில்லை. பேசாமல் இட்லி தின்றேன்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். திறந்தால் டப்பா நிறைய கடையில் விற்கிற பவழ மணி. “எது உசுரு, எது உசுரு இல்லன்னு பாக்க வழி கீதான்னு உங்க நைனா கேக்கறாரு” என்றாள். கேட்கிறவர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

வழி இருந்தது. சுண்ணாம்பில் புளிப்பு பட்டால் நுரைக்கும். சமையலறையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து அறுத்தேன். பள்ளியிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியை மேசைமேல் வைத்தேன். முதல் மணியின் துளை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. ஏழெட்டு மணிக்கு அப்புறமும் ஒரு குமிழிகூட வரவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நைனா திரும்பிப் பார்த்தார். மெல்ல வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவின் தையல் ஊசியை எடுத்து, இடுக்கியில் பிடித்து, அடுப்பில் காய்ச்சிக்கொண்டு வந்தார். நான் ஒதுக்கிய முதல் மணியில் ஊசியை வைத்தார். ‘சொய்’ என்று உள்ளே இறங்கியது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வீடு முழுக்கப் பரவியது.

அப்புறம் இரண்டு மணி நேரம் நாங்கள் இருவரும் பேசாமலே வேலை செய்தோம். எலுமிச்சை என் பக்கம், ஊசி அவர் பக்கம். நான் பார்த்து நகர்த்துவேன், அவர் எடுத்துக் குத்துவார். ஊசி இறங்கியது பிளாஸ்டிக். ஊசியும் இறங்காமல் எலுமிச்சைக்கும் அசையாதது கண்ணாடி. கடைசியில் மேசைமேல் இரண்டு பெரிய குவியலும், ஒரு கைக்கு அடங்குகிற சின்னக் குவியல் ஒன்றும் இருந்தன. அந்தச் சின்னக் குவியலில் மட்டும்தான், உருப்பெருக்கி வழியே பார்த்தால், துளை ஓரத்தில் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக எழுந்தன.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இத்தினி நாளா நெஜமாவே சுத்த சைவந்தான் வித்துகினு இருந்தியா நீ?” என்றாள்.

நைனா சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் குவியலைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார். மொத்த வியாபாரி அசல் என்று சொன்னதை அவர் நம்பினார், வாங்கியவர்கள் இவரை நம்பினார்கள். அவர் கண் கலங்கியதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சின்னக் குவியலில்கூடச் சாயம் ஏற்றிய கிளிஞ்சல் மணி கலந்திருக்கலாம், அதுவும் நுரைக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதையும் சொன்னேன். இந்த வீட்டில் அதை மறைத்துவைக்க முடியாது.

அவர் எழுந்து போய் மூன்று அட்டைப்பெட்டிகளும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் கொண்டுவந்தார். முதல் பெட்டியில் ‘பிளாஸ்டிக்’ என்று எழுதினார். இரண்டாவதில் ‘கண்ணாடி’. மூன்றாவது பெட்டியின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“இதுக்கு இன்னா எழுதறது?” என்றார். அம்மாவைப் பார்த்துக் கேட்கவில்லை.

“பூச்சின்னு மட்டும் எழுதிடாத நைனா. அது நான் தப்பா சொன்னது. எனக்கே அது தப்புன்னு தெரியும், கோவத்துல சொல்லிட்டேன். கடையில வெச்சி சொன்னதும் தப்பு.”

“ஆங்” என்றார். பேனாவை எடுக்காமலே, “எத்தினி அறிவு அதுக்கு?” என்று கேட்டார்.

ஓரறிவு, ஈரறிவு என்று அவர் பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு. நான் யோசித்தேன். “தொட்டா தெரியும். வாயில எது பட்டாலும் தின்னறதா இல்லையான்னு தெரியும்.”

“அப்ப ரெண்டறிவு. சங்கு, நத்தை இதுங்களோட சேத்தி.”

“ஆமா நைனா.” விலங்கியல் ஒத்துக்கொள்ளாது, சங்கு வேறு தொகுதி. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அவர் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டியில் ‘உயிர்’ என்று நிதானமாக எழுதினார். கையெழுத்து கொஞ்சம் கோணல். எனக்கு அதைவிட நல்ல வகைப்பாடு தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் கடைப் பக்கம் தயங்கித் தயங்கி நடந்தேன். மூன்று பெட்டிகளும் கண்ணாடிப் பெட்டிமேல் வரிசையாக இருந்தன. கூட்டம் குறைந்திருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். குறையவில்லை. நாலைந்து பேர் பெட்டிகளைப் படித்துப் படித்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பிளாஸ்டிக் என்று எழுதி வைத்து விற்கிற கடையை அவர்கள் இதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவர் கண்ணாடி மாலை வாங்கிக்கொண்டார். “செவப்பா இருந்தா போதும்ங்க, முருகன் கோச்சுக்க மாட்டாரு” என்றார்.

ஆந்திராவில் நகரி பக்கத்திலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு பெரியவர் மூன்றாவது பெட்டியைக் காட்டி, “இதேமி, உயிர்?” என்று கேட்டார். நைனா தெலுங்கில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். “நீ வந்து சொல்லு” என்றார். கூட்டம் எனக்கு வழிவிட்டது.

சொன்னேன். வாய், கைகள், பை, சுண்ணாம்பு, குடியிருப்பு, எல்லாவற்றையும் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகச் சொன்னேன். இந்த முறை குரலை உயர்த்தவில்லை. பறித்து எடுத்தால் அத்தனையும் செத்துப்போகும் என்பதையும் சொன்னேன். வியாபாரத்துக்கு அது நல்லதில்லை என்று தெரிந்துதான் சொன்னேன். நைனா தடுக்கவில்லை.

பெரியவரின் மகள் இருபது வயதுக்காரி, கல்யாணத்துக்காகத்தான் அந்தக் கல் தேடி வந்திருக்கிறாள். அதுவரை பேசாமல் நின்றவள் கேட்டாள்: “பறிக்கும்போது அதுக்கு வலிக்குமா அக்கா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்கு மூளை இல்லை, வலை போல நரம்பு மட்டும் இருக்கிறது, தொட்டால் சுருங்கும். வலிக்குமா என்றால் படித்தவர்களுக்கும் நிச்சயமாகத் தெரியாது. இல்லை என்று சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாக வாங்கிக்கொண்டு போவாள். ஆமாம் என்றால் நான் நல்லவளாகத் தெரிவேன்.

“தெரியலம்மா” என்றேன்.

“இன்னாங்க, படிச்ச பொண்ணு தெரியலன்னுது?” என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

நைனா தலை நிமிர்ந்தார். “தெரியலன்னா தெரியலன்னுதாங்க சொல்லும்” என்றார். “அது எம் பொண்ணு.”